அறுவை அறையின் வரலாறு – 9: தோல் கிழிந்த கால்

கால் எலும்பு முறிந்து வந்தவர்களை 19-ஆம் நூற்றாண்டு மருத்துவமனை இரண்டு விதமாக நடத்தியது. எலும்பு உள்ளேயே முறிந்து, தோலில் கீறல்கூட இல்லாமல் வந்தவருக்குத் தப்பை வைத்துக் கட்டிப் படுக்கவைத்தார்கள். சில வாரங்களில் எலும்பு கூடிவிடும். அவர் வீட்டுக்குப் போவார். முறிந்த எலும்பின் முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்திருந்தால் கதையே வேறு. கிழிசல் ஓர் அங்குலம்தான் என்றாலும், பெரும்பாலான மருத்துவர்கள் காலை எடுத்துவிடத்தான் சொன்னார்கள். எடுக்காமல் விட்டால் காயம் அழுகிக் காய்ச்சல் கண்டு இறந்துபோவார் என்பது அவர்கள் கண்ட அனுபவம். கால் எடுத்த பிறகு, அந்த வெட்டுவாயே அழுகி இறந்தவர்களும் ஏராளம்.

இதைப் பார்க்காத மருத்துவர் அன்று ஐரோப்பாவில் இல்லை. முறிந்தது அதே எலும்பு. நசுங்கியது அதே சதை. உள்ளே கசிந்து தேங்கிய ரத்தமும் அதேதான். ஒருவரிடம் அந்த ரத்தம் கெடாமல் கிடந்து மெல்லக் கரைகிறது. இன்னொருவரிடம் இரண்டே நாளில் நாற்றமெடுக்கிறது. இருவருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசம் தோல் கிழிந்ததா இல்லையா என்பது மட்டும். விடை அங்கேதான் இருக்கிறது என்று பிடித்துக்கொண்டு, வருடக்கணக்கில் அதை விடாமல் துரத்தியவர் ஜோசப் லிஸ்டர்.

ஈதர் வந்து வலியைப் போக்கிய கதையையும், வியன்னாவில் செம்மல்வைஸ் 1847-இல் மாணவர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவவைத்துப் பிரசவ மரணங்களைக் குறைத்த கதையையும் முந்தைய பகுதிகளில் பார்த்தோம். வலி போனதால் அறுவை அறை பாதுகாப்பான இடமாகிவிடவில்லை. நோயாளி துடிக்காமல் படுத்திருந்ததால் மருத்துவர்கள் முன்னைவிடத் துணிந்து, முன்னைவிட நீண்ட நேரம், முன்னைவிட ஆழமாக வெட்டத் தொடங்கினார்கள். வெட்டியதெல்லாம் அழுகியது. செம்மல்வைஸின் வேலையோ வியன்னாவிலேயே புறக்கணிக்கப்பட்டது; 1860-களின் கிளாஸ்கோவில் இருந்த லிஸ்டருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது.

லிஸ்டர் 1827-இல் எசெக்ஸ் மாவட்டத்தின் அப்டன் என்ற ஊரில், குவேக்கர் சமயக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை ஜோசப் ஜாக்சன் லிஸ்டர் திராட்சை மது வணிகர். ஆனால் நுண்ணோக்கியின் வில்லைகளில் தெரிந்த நிறக் கலங்கலையும் உருவச் சிதைவையும் நீக்கும் வழியைக் கண்டு, அந்தக் கருவியை அறிவியலுக்குப் பயன்படும் நிலைக்கு உயர்த்தியவர் அவர். நுண்ணோக்கி இருந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை, அறுவை மருத்துவரான பிறகும் அந்தக் குழாயை விடவில்லை. எடின்பரோவில் ஜேம்ஸ் சைம் என்ற பெரிய அறுவை மருத்துவரிடம் பணிபுரிந்து, 1856-இல் அவர் மகள் ஆக்னஸை மணந்துகொண்டார். தவளையின் காலில் உள்ள ரத்தக் குழாய்களை நுண்ணோக்கியில் வைத்து, அழற்சி எப்படித் தொடங்குகிறது என்று மணிக்கணக்கில் பார்ப்பார். அவருடைய சோதனைக் குறிப்பேடுகளில் பெரும்பகுதி ஆக்னஸின் கையெழுத்து. அவர் சொல்லச் சொல்ல அந்த அம்மையார் எழுதியிருக்கிறார். லிஸ்டரின் வரலாற்றை எழுதும் பலர் இந்தக் கையெழுத்தை ஒரே வரியில் கடந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. அந்த ஏடுகள் இல்லாமல் அந்த ஆராய்ச்சி இல்லை.

1860-இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அடுத்த ஆண்டு கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையின் அறுவைப் பிரிவு அவர் பொறுப்புக்கு வந்தது. அப்போதுதான் கட்டி முடித்திருந்த புதிய கட்டடம். கப்பல் பட்டறைகளும் இரும்பு வார்ப்பாலைகளும் நூற்பாலைகளும் பெருகிக்கொண்டிருந்த நகரம் அது. கிரேனில் சிக்கியவர்கள், வண்டிச் சக்கரத்தில் மாட்டியவர்கள், இயந்திரப் பட்டையில் கை கொடுத்தவர்கள் என்று வேலைக்காரர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். அந்தப் புதிய கட்டடத்திலும் மூன்று நோய்கள் குடியேறின: புண்ணைச் சுற்றித் தோல் நெருப்பாகச் சிவந்து பரவும் எரிசிப்பெலஸ், ரத்தத்தில் சீழ் ஏறிக் கொல்லும் பயீமியா, சதையைத் தின்றுகொண்டே போகும் மருத்துவமனை அழுகல். அவர் வார்டுகளில் 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் கை கால் எடுக்கப்பட்ட 35 பேரில் 16 பேர் இறந்தார்கள்.

அன்றைய மருத்துவர்கள் அக்கறையற்றவர்கள் அல்ல. அவர்கள் நம்பியது வேறு. காயத்திலிருந்து கெட்டியாக, வெளிர் மஞ்சளாக, அதிக நாற்றமின்றிச் சீழ் வந்தால் அது ஆறுவதன் அடையாளம் என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்தார்கள். சீழே இல்லாத ஆழ்ந்த காயத்தை அவர்கள் பார்த்ததே அரிது. அழுகலுக்குக் காரணம் காற்று என்றார்கள்: கூட்டம் நிறைந்த வார்டின் கெட்ட ஆவி, அல்லது வேதியியலர் லீபிக் சொன்னதுபோலக் காற்றிலுள்ள ஆக்சிஜன். ஆக்சிஜன்தான் காரணம் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதை ஒரு காயத்தின் மேல் படாமல் யாரால் தடுக்க முடியும்? அதனால்தான் ரத்தம் காய்ந்து விறைத்த பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு அறுப்பதிலும், ஒரு நோயாளியின் புண்ணைத் துடைத்த பஞ்சால் அடுத்தவரின் புண்ணைத் துடைப்பதிலும் யாரும் தவறு காணவில்லை.

1865-இல் வேதியியல் பேராசிரியர் தாமஸ் ஆண்டர்சன், லூயி பாஸ்டரின் கட்டுரைகளைப் படிக்கும்படி லிஸ்டரிடம் சொன்னார். திராட்சைச் சாறு புளிப்பதும் இறைச்சிக் குழம்பு கெடுவதும் காற்றாலல்ல, காற்றோடு மிதந்துவரும் நுண்ணுயிர்களால் என்று பாஸ்டர் காட்டியிருந்தார். கழுத்து நீண்டு வளைந்த குடுவையில் கொதிக்கவைத்த குழம்புக்குள் காற்று தாராளமாகப் போய்வரும். தூசி மட்டும் வளைவில் தங்கிவிடும். குழம்பு மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். படித்த உடனே லிஸ்டருக்குத் தோல் கிழிந்த காலும் கிழியாத காலும் புரிந்துவிட்டன. காற்றைத் தடுக்க வேண்டியதில்லை. காற்றில் வருவதைக் கொன்றால் போதும்.

கொதிக்கவைத்துக் கொல்லலாம், வடிகட்டலாம், வேதிப்பொருளால் அழிக்கலாம் என்று பாஸ்டர் காட்டிய மூன்று வழிகளில், மனித உடலின் காயத்துக்குப் பொருந்தியது மூன்றாவதுதான். கார்லைல் நகரத்தில் சாக்கடைக் கழிவில் கார்பாலிக் அமிலம் கலந்ததால் நாற்றம் போனதையும், அந்தக் கழிவு பாய்ந்த புல்வெளிகளில் மேய்ந்த மாடுகளுக்கு ஒட்டுண்ணி நோய் நின்றதையும் அவர் முன்பே படித்திருந்தார். நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் பொருள் அது. பழைய சிவப்புக் குளியல் சோப்புக் கட்டியில் வந்த அந்தக் காரமான தார் வாடை நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அது கார்பாலிக்கின் வாடைதான். ஆண்டர்சன் கொடுத்த முதல் சரக்கு கறுத்த, பிசுபிசுப்பான, தண்ணீரில் கரையாத திரவம்.

எதில் சோதிப்பது? இங்கேதான் லிஸ்டரின் அறிவை நான் மிகவும் மதிக்கிறேன். ஏற்கெனவே சீழ் பிடித்த புண்களில் அவர் தொடங்கவில்லை. தோல் கிழிந்த எலும்பு முறிவைத் தேர்ந்தெடுத்தார். பக்கத்துப் படுக்கையிலேயே ஒப்பிட்டுப் பார்க்கத் தோல் கிழியாத முறிவு இருக்கிறது. அது சீழின்றி ஆறுகிறது என்பது உலகறிந்த உண்மை. இதுவும் அப்படியே ஆறினால், ஐயத்துக்கு இடமில்லை. தோற்றாலோ, காலை எடுக்கும் பழைய வழி எப்படியும் இருக்கிறது.

1865 மார்ச்சில் செய்த முதல் முயற்சி தோற்றது. ஆகஸ்ட் 12-ஆம் தேதி ஜேம்ஸ் கிரீன்லீஸ் என்ற 11 வயதுச் சிறுவனைக் கொண்டுவந்தார்கள். காலி வண்டியொன்றின் சக்கரம் இடது காலில் ஏறியிருந்தது. ஒன்றரை அங்குல நீளம், முக்கால் அங்குல அகலத்தில் காயம். உள்ளே எலும்பு முறிவு. ஹவுஸ் சர்ஜன் மக்ஃபீ, கார்பாலிக்கில் தோய்த்த லின்ட் துணியைக் காயத்தின் மேல் வைத்து, பஞ்சு பொதிந்த அட்டைத் தப்பைகளால் காலைக் கட்டினார். முழங்காலை மடக்கி, காலை வெளிப்பக்கமாகச் சாய்த்துக் கிடத்தினார்கள்.

பிறகு நான்கு நாள் யாரும் கட்டைத் தொடவில்லை. அன்றைய வழக்கத்தில் இது பெரிய மாற்றம். வழக்கமான காயங்களை நாள்தோறும் பிரித்து, கழுவி, சீழ் பிதுக்கி, மறுபடி கட்டுவார்கள். நான்காம் நாள் சிறுவன் காலில் ஏதோ உறுத்துகிறது என்றதால் லிஸ்டர் உள்பக்கத் தப்பையை எடுத்துப் பார்த்தார். சீழ் இல்லை. ஓரத்தில் தோல் லேசாகச் சிவந்திருந்தது. அது அழுகலின் சிவப்பா, அமிலம் சுட்ட சிவப்பா? அமிலத்தைத் தண்ணீரில் குறைவாகக் கலந்து ஐந்து நாள் கட்டினார். சிவப்பு மறைந்தது, ஆனால் மேல்தோல் உரிந்தது. ஒரு பங்கு கார்பாலிக்குக்குப் பத்து முதல் இருபது பங்கு ஆலிவ் எண்ணெய் சேர்த்து நான்கு நாள் கட்டினார். புண்ணின் மேற்பரப்பில் மட்டும் சிறிது கசிவு. தோலுக்கு அடியிலிருந்து ஒரு சொட்டுச் சீழ் வரவில்லை. ஆபத்து நீங்கியது என்று தெரிந்ததும் வெறும் ஈரக் கட்டுக்கு மாறினார். ஆறு வாரம் முடிந்தபோது எலும்பு உறுதியாகக் கூடியிருந்தது. இரண்டு நாள் கழித்துப் புண்ணும் முழுதாக மூடிக்கொண்டது.

மருந்தைவிட இந்த ஆறு வாரத்தை நடத்திய விதம்தான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. கார்பாலிக்கைப் புண்ணில் ஊற்றியவர்கள் லிஸ்டருக்கு முன்பே இருந்தார்கள். பாரிஸில் ழூல் லெமேர் என்ற மருந்தாளர் அதைப் பற்றி நூலே எழுதியிருந்தார். லிஸ்டர் செய்தது வேறு. சீழ் வரவே கூடாது என்று முதலில் முடிவு செய்தார். ஒவ்வொரு சிவப்பையும் ஒவ்வொரு கசிவையும் அது எதனால் என்று கேட்டு, விடைக்கேற்பக் கட்டை மாற்றினார்.

வெற்றி உடனே தொடரவில்லை. செப்டம்பரில் வந்த இரண்டாவது நோயாளி நன்றாகத் தேறி வந்தபோது, லிஸ்டர் ஊரில் இல்லாத நாட்களில் மருத்துவமனை அழுகல் பற்றிக்கொண்டது. காலை எடுக்க வேண்டியதாயிற்று. அடுத்த தக்க நோயாளி வர 1866 மே வரை காத்திருந்தார். இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்த 21 வயது இளைஞர். சங்கிலி நழுவி, மணல் நிரம்பிய இரும்புப் பெட்டி, ஏறத்தாழ 600 கிலோ, நாலடி உயரத்திலிருந்து அவர் காலில் விழுந்திருந்தது. அந்தக் கால் பிழைத்தது. ரத்தமும் கார்பாலிக்கும் கலந்து காயத்தின் மேல் ஒரு பொருக்கு உண்டாயிற்று. அதன் கீழே கெடாமல் கிடந்த ரத்தக் கட்டி மெல்ல உயிருள்ள சதையாக மாறுவதை லிஸ்டர் கண்டார். வீக்கம் சாதாரண முறிவில் இருக்கும் அளவுதான் என்று தந்தைக்குக் கடிதம் எழுதினார். நுண்ணோக்கியைக் கொடுத்தவரிடமே அந்தச் செய்தி போயிற்று.

1867 மார்ச் முதல் ஜூலை வரை ‘லான்செட்’ இதழில் அவர் கட்டுரை தொடராக வந்தது. தோல் கிழிந்த முறிவுகள் 11. ஒருவர் காலை இழந்தார். இன்னொருவர், காயம் நல்ல நிலையில் இருந்தும், எலும்புத் துண்டு ரத்தக் குழாயைத் துளைத்ததால் ரத்தப் பெருக்கில் இறந்தார். மற்ற 9 பேரும் காலோடு தேறினார்கள். தோல்விகளையும் அவர் அதே விரிவோடு எழுதினார். அந்த ஜூன் மாதத்தில் அவர் அக்கா இசபெல்லாவுக்கு மார்பில் புற்றுநோய். மற்ற மருத்துவர்கள் கத்தி வைக்கத் தயங்கினார்கள். லிஸ்டர் எடின்பரோ சென்று மாமனார் சைமிடம் கலந்து பேசிவிட்டு, கிளாஸ்கோவில் தம் வீட்டிலேயே அக்காவுக்கு அறுவை செய்தார். காயம் அழுகாமல் ஆறியது. மேலும் மூன்று ஆண்டு அவர் வாழ்ந்தார். ஆகஸ்டில் டப்ளினில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவச் சங்கக் கூட்டத்தில், ஒன்பது மாதமாகத் தம் வார்டுகளில் எரிசிப்பெலஸும் பயீமியாவும் மருத்துவமனை அழுகலும் இல்லை என்று அறிவித்தார்.

எதிர்ப்பு பெரிதாகவே கிளம்பியது. குளோரோஃபார்மை மயக்க மருந்தாக்கிய ஜேம்ஸ் யங் சிம்சன், கார்பாலிக் லெமேர் கண்டது என்று சுட்டிக்காட்டினார். பொருளைக் கண்டுபிடித்ததாக நான் உரிமை கொண்டாடவில்லை, முறையைத்தான் சொல்கிறேன் என்றார் லிஸ்டர். சிம்சனின் எண்ணம் வேறு. 1869-இல் அவர் தொகுத்த கணக்கில், பெரிய மருத்துவமனைகளில் கை கால் எடுக்கப்பட்ட 2,089 பேரில் 855 பேர் இறந்திருந்தார்கள். நாட்டுப்புறத்தில் வீடுகளில் அறுவை செய்துகொண்ட 2,098 பேரில் இறந்தவர்கள் 226 பேர்தான். ஆகவே பெரிய கட்டடங்களே நஞ்சு, அவற்றை இடித்துச் சிறு குடில்களாகக் கட்டுங்கள் என்றார். கணக்கு உண்மையானது, முடிவு தவறானது. கட்டடத்துக்குள் புண்ணிலிருந்து புண்ணுக்குப் போன கைகளையும் பஞ்சையும் அவர் பார்க்கவில்லை.

இதற்கு லிஸ்டரிடம் இருந்த பதிலை யாரும் திட்டமிட்டு உருவாக்கியிருக்க முடியாது. 1867-இல் அவருடைய வார்டுகளை ஒட்டிய நிலத்தைத் தோண்டியபோது, மேற்பரப்பிலிருந்து சில அங்குல ஆழத்தில், கீழ்த்தள ஆண்கள் வார்டுகளின் தரைமட்டத்துக்கே, அடுக்கடுக்காகச் சவப்பெட்டிகள் கிடந்தன. 1849-ஆம் ஆண்டுக் காலராவில் இறந்தவர்களுடையவை. வார்டுக்கும் அவற்றுக்கும் நடுவே நாலடி இடைவெளிதான். இன்னொரு பக்கம் ஏழைகளைக் குழியில் மொத்தமாகப் புதைத்துவந்த பழைய இடுகாடு. கெட்ட ஆவிதான் கொல்கிறது என்றால், கிளாஸ்கோவிலேயே மிக அதிகமாகச் செத்திருக்க வேண்டியவர்கள் அந்த வார்டுகளில் கிடந்தவர்கள். முன்பு செத்தார்கள், கார்பாலிக் கட்டு வந்த பிறகு, பிணங்கள் அங்கேயே இருக்க, அந்த வார்டுகள் நலமாக இருந்தன. 1870-இல் லிஸ்டர் இதை அச்சிட்டார். 1867 முதல் 1869 வரை கை கால் எடுக்கப்பட்ட 40 பேரில் இறந்தவர்கள் 6 பேர் என்ற கணக்கையும் சேர்த்தார். புள்ளிவிவரமாக நிறுவ இந்த எண்ணிக்கை சிறிது என்று அவரே சொல்லிவிட்டார். மருத்துவமனை நிர்வாகிகள் கோபம் கொண்டு, நல்ல காற்றோட்டமும் நல்ல உணவும் நல்ல செவிலியர்களுமே முன்னேற்றத்துக்குக் காரணம் என்று மறுப்பு எழுதினார்கள்.

இதற்குள் லிஸ்டர் 1869-இல் எடின்பரோ திரும்பியிருந்தார். கிளாஸ்கோவிலும் அங்கேயும் பிறகு லண்டனிலும் முறையை மாற்றிக்கொண்டே இருந்தார். சீமைச் சுண்ணாம்புத் தூளையும் ஆளிவிதை எண்ணெயையும் கார்பாலிக்கோடு பிசைந்த பட்டி, பிறகு கார்பாலிக் ஏற்றிய காஸ் துணி எட்டு மடிப்பு. ரத்தக் குழாயைக் கட்டிய பட்டு நூலின் நுனி அதுவரை காயத்துக்கு வெளியே தொங்கும். அது அழுகி அறுந்து வரும்வரை காத்திருப்பார்கள். கார்பாலிக்கில் ஊறிய, விலங்குக் குடலில் செய்த கேட்கட் நூலைக் கன்றுக்குட்டியின் தமனியில் கட்டிச் சோதித்து, அது உள்ளேயே கரைந்துபோவதைக் கண்டார். கருவிகளுக்கும் நோயாளியின் தோலுக்கும் இருபதில் ஒரு பங்குக் கரைசல், கைகளுக்கும் பஞ்சுக்கும் நாற்பதில் ஒரு பங்கு. வார்டில் இந்த வேலையைச் செய்தவர்கள் டிரெஸ்ஸர்கள் என்ற மாணவர்களும் ஹவுஸ் சர்ஜன்களும் செவிலியர்களும். கார்பாலிக் பட்டுப் பட்டு அவர்களுடைய கைகள் வெளுத்து, மரத்து, வெடித்தன. ஒருவர் ஓரிடத்தில் தவறினாலும் காயம் போய்விடும். லிஸ்டர் முறையைச் செய்து பார்த்தோம், பலனில்லை என்று எழுதிய பலர், மருந்தை ஊற்றிவிட்டு மற்ற ஒழுங்கை விட்டுவிட்டவர்கள்.

1871-இல் அவர் சேர்த்த ஒன்று மட்டும் வழி தவறிப் போயிற்று. காற்றில் மிதக்கும் கிருமிகளே முதல் எதிரி என்று நம்பியதால், அறுவை நடக்கும் இடம் முழுவதும் கார்பாலிக்கைப் பனிபோலத் தெளிக்கும் கருவியை வைத்தார். முதலில் கையால் அடிப்பது, பிறகு நீராவியால் இயங்குவது. அறையில் நின்ற எல்லாரும் நனைந்தார்கள், இருமினார்கள். அந்த ஆண்டு பால்மோரல் மாளிகையில் விக்டோரியா அரசியின் அக்குளில் வந்த கட்டியைக் கீறியபோதும் அது தெளிக்கப்பட்டது. அரசியின் முகத்திலும் பட்டது.

ஜெர்மானியர்கள் முதலில் முழு மனதோடு ஏற்றுக்கொண்டார்கள். மியூனிக்கில் நுஸ்பாம் பொறுப்பிலிருந்த மருத்துவமனையில் 1874-இல் காயங்களில் நூற்றுக்கு 80-ஐ அழுகல் பிடித்திருந்தது. லிஸ்டர் முறையைச் சிறிதும் வழுவாமல் கடைப்பிடித்த 1875-இல் அது அடியோடு மறைந்தது. அமெரிக்காவில் பலர் நம்பவில்லை. 1881 ஜூலையில் சுடப்பட்ட அதிபர் கார்ஃபீல்டின் காயத்தில், குண்டைத் தேடிக் கழுவாத விரல்களும் கருவிகளும் மறுபடி மறுபடி நுழைந்தன. சீழ் உடலெங்கும் பரவிச் செப்டம்பரில் அவர் இறந்தார். லிஸ்டர் பிலடெல்பியாவுக்கே சென்று தம் முறையை விளக்கி அப்போது ஐந்து ஆண்டாகியிருந்தது.

1878-இல் காயத் தொற்றுக்கான கிருமிகளை ராபர்ட் கோக் தனித்தனியே பிரித்துக் காட்டினார். காற்றில் வருவதைவிடக் கையிலும் கருவியிலும் துணியிலும் வருவதே பெரும் ஆபத்து என்று மெல்லத் தெரியவந்தது. லிஸ்டர் தெளிப்புக் கருவியைக் கைவிட்டார். 1890 ஆகஸ்டில் பெர்லினில் உலக மருத்துவர்கள் கூடிய அவையில், காற்றிலுள்ள கிருமிகளைக் கொல்ல அதைப் பரிந்துரைத்ததற்காக வெட்கப்படுகிறேன் என்று வெளிப்படையாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 63. அறுவை மருத்துவத்தில் அவருக்கு மேல் பெயர் பெற்றவர் யாருமில்லை. இந்த ஒப்புதலை யாரும் அவரிடம் கேட்டு வாங்கவில்லை.

காயத் தொற்று இன்னும் பழங்கதையாகிவிடவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்ன கணக்குப்படி, வறிய நாடுகளிலும் நடுத்தர வருவாய் நாடுகளிலும் அறுவை செய்துகொள்பவர்களில் நூற்றுக்கு 11 பேருக்குக் காயத்தில் தொற்று வருகிறது. இந்தத் தொடரை அறுவை அறையோடு நிறுத்தாமல் கட்டு மாற்றும் வார்டு வரை கொண்டுபோவதற்கு இதுவே காரணம்.

லிஸ்டர் வெட்கப்பட்டுப் பேசிய அவை கூடிய பெர்லினிலேயே அறுவை மருத்துவர் பெர்க்மனும் அவர் உதவியாளர் ஷிம்மல்புஷ்ஷும் துணிகளையும் கட்டுகளையும் நீராவியில் வேகவைத்துக்கொண்டிருந்தார்கள். காயத்துக்குள் கிருமியைக் கொல்வதற்குப் பதில், கிருமியே இல்லாத பொருளை மட்டும் காயத்தருகே கொண்டுபோவது அவர்களுடைய வழி. அந்தக் கொதிகலனையும், பால்டிமோரில் ஒரு செவிலியரின் கைத்தோல் புண்ணானதால் அறுவை அறைக்கு வந்த ரப்பர் கையுறையையும் அடுத்த பகுதியில் பார்ப்போம்.